தானாகச் செறியும் கான்கிரீட்டில் மேட்டூர் சாம்பலும் உலைக் கசடும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுபவர்கள், மேஸ்திரிகள், ரெடிமிக்ஸ் பிளாண்டில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள், கடைசி வருட சிவில் மாணவர்கள் என்று பலரும் மாற்றி மாற்றிக் கேட்பவை இவை. கேள்விகள் பெரும்பாலும் அவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

எஸ்.சி.சி. என்று எதைச் சொல்கிறீர்கள்? கலவையில் தண்ணீர் கூட ஊற்றினால் எந்தக் கான்கிரீட்டும்தான் ஓடும்?

ஓடும், ஆனால் பிரிந்து ஓடும். ஆற வைத்த ரசத்தில் தெளிவு மேலேயும் வண்டல் கீழேயும் நிற்பதுபோல, ஜல்லி அடியில் தங்கி, சிமெண்டுப் பால் மேலே மிதக்கும். வலிமையும் போய்விடும்.

தானாகச் செறியும் கான்கிரீட், தளத்து வழக்கில் எஸ்.சி.சி., வைப்ரேட்டர் இல்லாமலேயே தன் எடையால் பாய்ந்து, நெருக்கமான கம்பிகளுக்கு நடுவே புகுந்து, மூலை முடுக்கெல்லாம் நிரம்ப வேண்டும். அதே நேரத்தில் ஜல்லி கீழே இறங்கக் கூடாது. ஜப்பானில் கைதேர்ந்த கான்கிரீட் ஆட்கள் குறைந்துவந்த காலத்தில், சரியாகச் செறிக்காத கான்கிரீட்டால் கட்டடங்கள் சீக்கிரம் கெடுவதைப் பார்த்து, டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹஜிமே ஒகமுரா 1986-இல் இந்த யோசனையை முன்வைத்தார். 1988-இல் முதல் மாதிரி தயாரானது. அகாஷி கைக்யோ தொங்கு பாலத்தின் பிரம்மாண்டமான நங்கூரத் தொகுதிகளை இதைக் கொண்டுதான் வார்த்தார்கள்.

ஆள் பற்றாக்குறை இன்று சேலத்திலும் உண்டு. தூண்–பீம் சந்திப்பில் கம்பி அடர்ந்திருக்கும் இடத்தில் ஊசி வைப்ரேட்டர் இறங்காமல், சென்ட்ரிங் பிரித்ததும் தேன்கூடு போல ஓட்டைகள் தெரிவது யாருக்கும் புதிய காட்சி அல்ல.

சிமெண்டை மிச்சம் பிடிக்கத்தானே சாம்பலைப் போடுகிறார்கள்?

சாதாரணக் கான்கிரீட்டில் அப்படிச் சொல்லலாம். எஸ்.சி.சி.யில் கதை வேறு. பிரியாமல் பாய வேண்டுமென்றால் கலவையில் மாவு போன்ற நுண்பொடி நிறைய வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 400 முதல் 600 கிலோ வரை போகும். அத்தனையையும் சிமெண்டாகவே போட்டால் செலவு ஒரு பக்கம், சூடு இன்னொரு பக்கம். சிமெண்டு தண்ணீரோடு வினைபுரியும்போது கக்கும் வெப்பம் பருமனான உறுப்புகளின் உள்ளே தேங்கி, வெடிப்புக்கு வழி செய்யும். சுருக்கமும் கூடும்.

அதனால் பொடியின் ஒரு பகுதி சிமெண்டு அல்லாத வேறொன்றாக இருப்பதை எஸ்.சி.சி.யின் அடிப்படைத் தேவை என்றே சொல்வேன். ஈடாக வருவது பின்னால் சிமெண்டோடு சேர்ந்து வலிமையும் தருமென்றால் இரட்டை லாபம். சுற்றுச்சூழல் கணக்கும் உண்டு: ஒரு டன் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்டாகும் சூளைக் கட்டி) சுட்டெடுக்க ஏறக்குறைய 0.8 முதல் 0.9 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதல்ல; சுண்ணாம்புக்கல் சிதைவதிலிருந்து வருவது. எவ்வளவு நல்ல சூளை வைத்தாலும் அந்தப் பகுதி குறையாது. கிளிங்கரின் அளவைக் குறைத்தால்தான் உண்டு.

கழிவைக் கலந்தால் கட்டடம் பலவீனமாகாதா? ஒரு வீட்டுக்காரராக எனக்குப் பயமாக இருக்கிறது.

சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது வலிமை தரும் ஜெல்லோடு கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற ஒன்றும் உண்டாகிறது. இது வலிமைக்கு உதவாது; தண்ணீரில் கரையும்; சல்பேட் வந்தால் முதலில் அடிவாங்கும். அனல்மின் நிலையச் சாம்பலில் உள்ள கண்ணாடி போன்ற சிலிக்கா இந்த ஹைட்ராக்சைடைப் பிடித்துக்கொண்டு அதையும் வலிமையான ஜெல்லாக மாற்றுகிறது. இது மெதுவாக நடக்கும். அதனால் 7-ஆம் நாள் கியூப் சோதனையில் (வார்த்த கட்டியை நசுக்கி வலிமை பார்ப்பது) சாம்பல் கலவை பின்தங்கியிருக்கும், 28-இல் நெருங்கும், 56 அல்லது 90-இல் பெரும்பாலும் முந்தும். துளைகள் அடைபடுவதால் தண்ணீரும் உப்பும் உள்ளே போவது குறைகிறது.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில்: அவசரமாகச் சென்ட்ரிங் பிரிப்பதிலும், நீராற்றாமல் விடுவதிலும். சாம்பல் கலந்த கான்கிரீட்டைச் சரியாக நனைக்காமல் விட்டால் அந்த இரண்டாம் வினை நடக்கத் தண்ணீரே இருக்காது. மேற்பரப்பு நுண்துளையோடு நின்றுவிடும். காற்றிலுள்ள கரியமில வாயு சுலபமாகப் புகுந்து கம்பி வரை போகும்.

நம் பக்கத்தில் என்னென்ன கிடைக்கும்?

இந்த விஷயத்தில் சேலம் மாவட்டம் கொடுத்து வைத்தது. மேட்டூர் அனல்மின் நிலையம் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் 600 மெகாவாட் அலகு ஒன்றும் கொண்டது. நிலக்கரி எரிந்து வரும் பறக்கும் சாம்பல் ஏராளம். பொட்டனேரி இரும்பு ஆலையில் ஊது உலை இருக்கிறது. அப்படிப்பட்ட உலையின் கசடைத் தண்ணீர் பீய்ச்சித் திடீரெனக் குளிர்வித்து, மணலாக்கி, பிறகு அரைத்தால் கிடைப்பது ஜி.ஜி.பி.எஸ். சங்ககிரி சுண்ணாம்புக்கல் பூமி. சுண்ணாம்புக்கல் தூள் வினைபுரியாவிட்டாலும் நல்ல நிரப்பி. இவை தவிரக் கிரஷர் தூள், அரிசி ஆலை உமிச் சாம்பல், சர்க்கரை ஆலைச் சக்கைச் சாம்பல் என்று பட்டியல் நீளும். சிலிக்கா ஃப்யூம் என்ற மிக நுண்ணிய சிலிக்காத் தூள் மட்டும் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

பட்டியல் நீளமாக இருப்பதே ஒரு ஆபத்து. இந்த ஊரில் எந்தப் புகைபோக்கிக்குக் கீழே போனாலும் ஒரு சாம்பலோ தூளோ கிடைக்கும். எல்லாம் சிமெண்டுக்கு ஈடாகாது. ஒரு பொடி சிமெண்டோடு சேர்ந்து உழைக்க வேண்டுமென்றால் அது மிக நுண்ணியதாக இருக்க வேண்டும். அதன் உள்ளமைப்பு பெருமளவு கண்ணாடித்தன்மை கொண்டிருக்க வேண்டும். பின்னால் வீங்கும் சரக்கு எதுவும் அதில் இருக்கக் கூடாது.

மேட்டூரிலிருந்து லாரியில் சாம்பல் கொண்டுவருகிறோம் என்கிறார்கள். எந்தச் சாம்பலாக இருந்தாலும் சரிதானே?

சரியில்லை. அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொதிகலனில் எரிந்த நிலக்கரியின் சாம்பல் மூன்று வழிகளில் வெளியே வருகிறது. கனமானது அடியில் விழும், அது அடிச்சாம்பல். புகையோடு பறப்பதை மின் வடிப்பான்கள் பிடித்து வைக்கின்றன. அதுதான் நமக்கு வேண்டிய பறக்கும் சாம்பல். இரண்டையும் தண்ணீரில் கலந்து குழாய் வழியே ஏரி போன்ற குட்டைக்கு அனுப்பினால் அது குட்டைச் சாம்பல். குட்டைச் சாம்பல் பரும்படியானது, ஈரமானது, ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் குணம் மாறும். செங்கலுக்கும் பள்ளம் நிரப்பவும் அது போதும். எஸ்.சி.சி.யில் சிமெண்டுக்குப் பதிலாக அதைப் போடக் கூடாது.

உலர்ந்த சாம்பல் மூடிய பல்க்கர் வண்டியில்தான் வரும். திறந்த டிப்பரில் தார்ப்பாய் போட்டு வந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். மின் வடிப்பானிலும் முதல் வரிசைத் தொட்டியில் விழுவது சற்றுப் பருமனாகவும் பின்வரிசைகளில் விழுவது மேலும் மென்மையாகவும் இருக்கும். ஐ.எஸ். 3812 (ஐ.எஸ். என்பது இந்தியத் தரநூல்) முதல் பகுதி கேட்பது: ஒரு கிலோவுக்குக் குறைந்தது 320 சதுர மீட்டர் மேற்பரப்பு, 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, எரித்தால் குறையும் எடை 5 சதவீதத்துக்குள்.

அந்தக் கடைசி எண்ணை எஸ்.சி.சி. போடுபவர்கள் தினமும் பார்க்க வேண்டும். எரிந்து முடியாத கரி சாம்பலில் இருந்தால் அது, கலவையை இளக்கிப் பாய வைக்கும் பி.சி.இ. வகை அட்மிக்சரை உறிஞ்சிவிடும். நேற்று கூம்புச் சோதனையில் 700 மி.மீ. விட்டத்துக்குப் பரவிய அதே கலவை இன்று 550-இல் நின்றால், அட்மிக்சர் டிரம்மைத் திட்டுவதற்கு முன் சாம்பலின் நிறத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் பெரும்பாலும் காரணம் அதுவே.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். அது வேறு இனம். மேட்டூர் சாம்பலுக்குச் செய்த கலவைக் கணக்கை அப்படியே அதற்கு மாற்றிப் போடாதீர்கள்.

சாம்பலா, ஜி.ஜி.பி.எஸ்.ஸா? எதை எடுப்பது?

சாம்பல் துகள்கள் உருண்டை. கலவை வழுக்கிக்கொண்டு பாயும். கசடுத் துகள்கள் கூர்முனை கொண்டவை. ஆனால் கசடில் சுண்ணாம்பு இருப்பதால் வலிமை சற்று முந்தி வரும், அதிக அளவில் ஈடு செய்யவும் முடியும். சீக்கிரம் சென்ட்ரிங் பிரிக்க வேண்டிய அடுக்குமாடி வேலைக்குக் கசடும், பெரிய அடித்தளத்துக்குச் சாம்பலோ அதிக அளவில் கசடோ என்பது என் தேர்வு. இரண்டையும் கலந்து போடும் கலவைகளும் நன்றாக வருகின்றன.

வெள்ளைக்கல் சூளைத் தூள் சும்மாவே கிடைக்கிறது. சிமெண்டு போல வெள்ளையாக, நைஸாக இருக்கிறது. போடலாமா?

வேண்டாம்.

கருப்பூர், செட்டிச்சாவடி பக்கத்து மேக்னசைட் கல்லைச் சூளையில் கடுமையாகச் சுடும்போது கிடைப்பது மெக்னீசியம் ஆக்சைடு. உச்ச வெப்பத்தில் வெந்த இந்தச் சரக்கு தண்ணீரோடு உடனே சேராது. மாதங்கள், வருடங்கள் கழித்துச் சேரும். சேரும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். இறுகிப்போன கான்கிரீட்டுக்கு உள்ளே இது நடந்தால் விரிசல்தான். சிமெண்டிலேயே மெக்னீசியாவுக்கு 6 சதவீத உச்சவரம்பு வைத்திருப்பதும், ஆட்டோகிளேவ் சோதனையில் (உயர் அழுத்த நீராவியில் வைத்து) வீக்கத்தைப் பார்ப்பதும் இதற்காகத்தான். 28 நாள் கியூப் நல்ல வலிமையே காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் இதில் வம்பு. சுடாத கல்லின் தூள் ஒன்றும் செய்யாது என்று வாதிடலாம். சூளை வளாகத்தில் குவிந்திருக்கும் தூளில் எது சுட்டது, எது சுடாதது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

ஏற்காடு பாக்சைட்டிலிருந்து வந்த செஞ்சேறு? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கசடு?

சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினாவானது, மிஞ்சியது செஞ்சேறு. காஸ்டிக் சோடாவில் வெந்தது என்பதால் அதில் காரம் அதிகம். காரத்தோடு வினைபுரியும் வகை ஜல்லி அமைந்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே வீக்கம் வரும். அட்மிக்சரோடும் ஒத்துப்போகாது. ஆய்வகத்தில் சிறு அளவில் முயன்று பார்க்க நல்ல பொருள்; வீட்டுத் தூணுக்கு அல்ல.

ஸ்டெயின்லெஸ் கசடில் இரண்டு சிக்கல். ஒன்று குரோமியம். இன்னொன்று, அதிலுள்ள டைகால்சியம் சிலிக்கேட் குளிரும்போது படிக வடிவம் மாறி, உப்பி, தானே பொடியாக உதிரும். அப்படி உதிர்ந்த பொடி நுண்ணியதாக இருக்கிறது என்று ஆசைப்படுகிறார்கள். வடிவம் மாறிய அந்தச் சரக்குக்கு வினைபுரியும் ஆற்றல் மிகக் குறைவு. இதை ஊது உலைக் கசடோடு ஒன்றாக நினைத்து வாங்குபவர்களும் உண்டு. கசடு என்று பெயர் பொதுவாக இருந்தாலும் சரக்கு வேறு. ஐ.எஸ். 16714 சான்று கேளுங்கள், ஜி.ஜி.பி.எஸ்.ஸுக்கான தரநூல் அதுதான்.

கடையில் பி.பி.சி. மூட்டைதான் கிடைக்கிறது. அதோடு இன்னும் சாம்பல் போடலாமா?

பி.பி.சி. என்பது சாம்பல் கலந்த சிமெண்டு; மூட்டையில் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் சாம்பல் இருக்கிறது. எவ்வளவு என்று மூட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். அதற்கு மேல் 30 சதவீதம் போட்டால் உண்மையான ஈடு பாதியைக்கூடத் தாண்டிவிடலாம். எஸ்.சி.சி.க்குச் சாம்பல் கலக்காத ஓ.பி.சி. சிமெண்டை வாங்கி, சாம்பலைத் தனியாக நிறுத்துப் போடுவதே முறை.

எத்தனை சதவீதம் ஈடு செய்யலாம்?

குறைந்தபட்ச சிமெண்டு அளவும் தண்ணீர்–சிமெண்டு விகிதமும் கணக்கிடும்போது, சாம்பலை 35 சதவீதம் வரையும் கசடை 70 சதவீதம் வரையும் சிமெண்டோடு சேர்த்து எண்ணிக்கொள்ள ஐ.எஸ். 456 இடம் தருகிறது. நடைமுறையில் நான் சாம்பலுக்கு 25–35, கசடுக்கு 40–50, சிலிக்கா ஃப்யூமுக்கு 5–10 என்ற எல்லைக்குள் ஆரம்பிக்கச் சொல்வேன்.

எடைக்கு எடை மாற்றும்போது கன அளவு மாறுவதை மறந்துவிடுகிறார்கள். சிமெண்டின் அடர்த்தி 3.15, சாம்பலுடையது ஏறக்குறைய 2.2. 150 கிலோ சிமெண்டு 48 லிட்டர் இடம் பிடிக்கும்; அதே எடைச் சாம்பல் 68 லிட்டர். கலவையில் 20 லிட்டர் பசை கூடுதலாகிறது. எஸ்.சி.சி. சாம்பலால் நன்றாகப் பாய்வதற்கு உருண்டைத் துகள் மட்டும் காரணமல்ல. இந்த 20 லிட்டரும் காரணம்.

எம்30 (28 நாளில் 30 மெகாபாஸ்கல் வலிமை) கான்கிரீட்டுக்கு ஒரு முதல் முயற்சிக் கலவை, ஒரு கன மீட்டருக்கு: ஓ.பி.சி. 53 கிரேடு 320 கிலோ, பறக்கும் சாம்பல் 160 கிலோ, தண்ணீர் 180 லிட்டர், 12.5 மி.மீ.க்கு உட்பட்ட ஜல்லி 800 கிலோ அளவில், எம்-சாண்ட் 900 கிலோ அளவில், பி.சி.இ. அட்மிக்சர் மொத்தப் பொடி எடையில் 1 சதவீதத்தில் தொடங்கி ஏற்றியிறக்கிக்கொள்ளலாம். இதை அப்படியே எடுத்துப் போட்டு ஊற்றிவிடாதீர்கள். நம் ஊர்க் கிரஷர்களின் எம்-சாண்டில் 0.125 மி.மீ.க்குக் கீழான தூள் கிரஷருக்குக் கிரஷர் மாறும். அதுவும் பொடிக் கணக்கில்தான் சேரும். கணக்கு போடும் முறைக்கு ஐ.எஸ். 10262-இன் 2019 பதிப்பில் எஸ்.சி.சி.க்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

தளத்தில் எதைப் பார்த்து வண்டியை ஏற்பது, எதைப் பார்த்துத் திருப்புவது?

சமதளத் தகட்டில் கூம்பைத் தூக்கி, பரவிய வட்டத்தின் விட்டத்தை அளங்கள். சாதாரணத் தூண், சுவருக்கு 660 முதல் 750 மி.மீ. வரை நல்லது. 500 மி.மீ. வட்டத்தைத் தொட 2 முதல் 5 நொடி ஆக வேண்டும். எண்ணைவிட விளிம்பைப் பார்ப்பது முக்கியம்: ஓரத்தில் ஜல்லி இல்லாத நீர் வளையம் தெரிந்தாலோ நடுவில் ஜல்லி குவிந்திருந்தாலோ, விட்டம் 700 காட்டினாலும் திருப்பி அனுப்புங்கள். கம்பி இடைவெளியில் புகுமா என்பதற்கு எல் வடிவப் பெட்டி, அதாவது எல்-பாக்ஸ். இரு முனை உயர விகிதம் 0.8-க்குக் குறையக் கூடாது. வி-ஃபனல் என்ற புனல் வழியே வடிந்து முடிய 6 முதல் 12 நொடி. செய்முறைகள் ஐ.எஸ். 1199 ஆறாம் பகுதியில் இருக்கின்றன.

வண்டியில் தண்ணீர் ஊற்ற யாரையும் விடாதீர்கள். டிரைவரானாலும், பம்ப் ஆபரேட்டரானாலும், வீட்டுக்காரரின் மச்சானானாலும் சரி.

சென்ட்ரிங்கில் ஏதாவது மாற்றம் வேண்டுமா?

வேண்டும், கட்டாயம். எஸ்.சி.சி. தண்ணீர்போல முழு அழுத்தத்தையும் பக்கவாட்டில் தரும். 3 மீட்டர் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 7 டன்னுக்கு மேல் தள்ளும். பழைய பலகையும் கட்டுக்கம்பியும் போதாது. பலகை இடுக்குகளை அடையுங்கள். அல்லது மெதுவாக, இடைவெளி விட்டு ஊற்றுங்கள்.

ஏற்காட்டில் ரிசார்ட் வேலை. மேலே எஸ்.சி.சி. கொண்டுபோக முடியுமா?

முடியும், யோசித்துச் செய்ய வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது டிரம் முழுக்க நிரப்பிய எஸ்.சி.சி. வழிந்து ரோட்டில் கொட்டும், சுமையைக் குறையுங்கள். அட்மிக்சரில் ஒரு பங்கை மேலே போய்ச் சேர்ப்பது நல்ல ஏற்பாடு.

அடுத்தது குளிர். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி இரவில் சாம்பல் கலவை இறுகவே தயங்கும். ஐ.எஸ். 456-இல் முட்டு எடுக்கச் சொல்லும் நாள்கணக்கு ஓ.பி.சி.க்கும் 15 டிகிரிக்குக் குறையாத வெப்பத்துக்கும் எழுதப்பட்டது. ஏற்காட்டுக் குளிர்காலத்தில், அதுவும் 30 சதவீதச் சாம்பலோடு, அந்த நாள்கணக்கு செல்லாது. கியூப்களைத் தளத்திலேயே, கட்டடம் படும் அதே குளிரில் வைத்து, அவை உடையும் வலிமையைப் பார்த்து முட்டுகளை எடுங்கள். கீழே சேலத்தில் சித்திரை வெயிலில் பிரச்சினை தலைகீழ்: பரவும் தன்மை சீக்கிரம் போகும். அதிகாலையிலோ இரவிலோ ஊற்றுங்கள்.

எத்தனை நாள் தண்ணீர் விடுவது?

சாம்பலோ கசடோ கலந்திருந்தால் குறைந்தது 10 நாள். வெயில் காலத்தில் 14. எஸ்.சி.சி.யில் தண்ணீர் மேலே கசிந்து வருவது குறைவு என்பதால் மேற்பரப்பு ஊற்றிய அன்றே காயத் தொடங்கும். முதல் சில மணி நேரத்திலேயே பாலித்தீன் ஷீட் போட்டு மூடுங்கள்.

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு எஸ்.சி.சி. தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. வீட்டு ரூஃபுக்குச் சாம்பல் கலந்த சாதாரணக் கான்கிரீட்டும் ஒழுங்கான வைப்ரேட்டரும் போதும். படிக்கட்டுக்கும் சரிவான கூரைக்கும் எஸ்.சி.சி. கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மேல்படியில் ஊற்றியது கீழ்ப்படி வழியாக வெளியே வரும். கம்பி அடர்ந்த தூண்கள், மெல்லிய சுவர்கள், பழைய தூணைச் சுற்றி ஜாக்கெட் போடும் வேலை, இங்கெல்லாம் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

உமிச் சாம்பல், கரும்புச் சக்கைச் சாம்பல்?

இரண்டிலும் சிலிக்கா நிறைய. ஆலைக் கொதிகலனில் வெப்பக் கட்டுப்பாடு இல்லாமல் எரிந்தால் ஒன்று கரி மிஞ்சும், இல்லையென்றால் சிலிக்கா படிகமாகி மந்தமாகும். துகள் நுண்துளை கொண்டது என்பதால் தண்ணீரையும் அட்மிக்சரையும் குடிக்கும். நன்றாக அரைத்து 10 சதவீதம் அளவில் சேர்த்தால் பயன் உண்டு.

ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரைக் கலவைக்குப் பயன்படுத்தலாமா? கோடையில் தண்ணீர் கிடைப்பதே கஷ்டம்.

கூடாது. புளித்த, மாவுச்சத்து நிறைந்த கழிவுநீர் அது. கலவைத் தண்ணீரில் கரிமப் பொருள் லிட்டருக்கு 200 மி.கி.க்குள்ளும், பி.எச். 6-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். சர்க்கரையும் மாவுச்சத்தும் சிமெண்டை இறுகவிடாது.

கடைசி வருட பிராஜெக்ட். எதை எடுக்கலாம்?

சாம்பலை 0, 10, 20, 30 என்று மாற்றி 7, 28 நாள் கியூப் உடைக்கும் பிராஜெக்டுகள் போதும் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டன. ஒரே விகிதத்தை வைத்துக்கொண்டு, மேட்டூர் சாம்பலை வெவ்வேறு நாட்களில் வாங்கி, எரித்தால் குறையும் எடையையும் பரவும் விட்டத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ரெடிமிக்ஸ் பிளாண்டுக்காரர்கள் நேரில் வந்து கேட்பார்கள். அல்லது ஒரே கலவையில் வார்த்த கியூப்களில் பாதியைச் சேலத்திலும் பாதியை ஏற்காட்டிலும் டிசம்பரில் வைத்து 3, 7, 14, 28, 56 நாட்களில் உடையுங்கள். அட்மிக்சரைக் கையில் ஊற்றாமல் எடை போட்டுச் சேருங்கள், ஜல்லியின் ஈரத்தை ஒவ்வொரு முறையும் அளந்து தண்ணீரில் கழியுங்கள்; இல்லையென்றால் நீங்கள் காணும் வித்தியாசம் சாம்பலுடையதா ஈரத்துடையதா என்று வைவாவில் சொல்ல முடியாது.